பழைய மெட்டல் டிடெக்டரும் செட்டிநாட்டுச் செம்மண்ணும்

கேட்கப்பட்டது இது: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான்களோடு கிடந்த மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கியாயிற்று. மேனுவல் இல்லை. பேட்டரி போட்டதும் ஓயாமல் கத்துகிறது, தரைக்கு அருகே கொண்டுபோனால் இன்னும் கூடுதலாகக் கத்துகிறது. வீட்டின் பின்கட்டுத் தோட்டத்தில் தவறிப்போன தங்க மோதிரத்தைத் தேட வேண்டும். மெஷின் கெட்டுப்போனதா, எங்கிருந்து தொடங்குவது?

கெட்டுப்போயிருக்க வேண்டும் என்றில்லை. ஓயாமல் கத்துவதற்கு மூன்று இடங்களில் காரணம் இருக்கலாம்: மெஷினுக்குள், சுற்றியுள்ள மின்சாரத்தில், அல்லது மண்ணில். மூன்றையும் ஒரே நேரத்தில் ஆராய்ந்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் தோட்டத்துக்குப் போவதை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். வீட்டிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் டிடெக்டரைக் கிடத்தி, காயில், அதாவது தண்டின் அடியில் இருக்கும் வட்டத் தட்டு, வானத்தைப் பார்த்திருக்கும்படி வையுங்கள். கைபேசியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மெஷினின் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் சென்சிடிவிட்டி குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். அமைதியானால் மெஷின் சரி, உங்கள் எதிரி மண்ணோ வீட்டு மின்சாரமோதான். அப்போதும் கத்தினால், டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு அதே இடத்தில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். திசைக்குத் திசை சத்தம் மாறினால் அது வெளியிலிருந்து வரும் இரைச்சல். இன்வர்ட்டர், மலிவான எல்.இ.டி. பல்புக்குள் இருக்கும் சப்ளை, ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் பழைய மெஷின்களைத் தொந்தரவு செய்யும். நொடிக்கு ஒரு தடவை டிக், டிக் என்று தாளம் தப்பாமல் கேட்டால், பக்கத்துத் தோட்டத்து சோலார் மின்வேலியாக இருக்கும். எந்தத் திசையிலும் மாறாமல் ஒரே மாதிரி கத்தினால் மட்டுமே மெஷினைத் திறக்க வேண்டிய வேலை.

திறப்பதற்குமுன் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிய வேண்டும். பெயர்ப்பலகை அழிந்திருந்தாலும் ஒரு நாணயத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். நாணயத்தைக் காயிலுக்கு நேரே அசையாமல் பிடியுங்கள். சத்தம் வந்து உடனே அடங்கி, நாணயத்தை அசைத்தால்தான் மறுபடி வருகிறது என்றால் அது அசைவில் வேலை செய்யும் வி.எல்.எஃப். (மிகக் குறைந்த அதிர்வெண்) வகை, 1980-களில் பரவலானது. பிடித்திருக்கும் வரை சத்தம் நின்று ஒலித்தால், அசைவு தேவைப்படாத, எல்லா உலோகத்துக்கும் ஒலிக்கும் ஆல்-மெட்டல் நிலை. பல மெஷின்களில் இவ்விரண்டும் ஒரே சுவிட்சில் மாறும். எப்போதும் ஒரு ஊளைச்சத்தம் இருந்து, உலோகம் வந்தால் அதன் சுருதி மட்டும் ஏறியோ இறங்கியோ போனால் அது பி.எஃப்.ஓ. என்னும் பழைய வகை. அதைச் செட்டிநாட்டு மண்ணில் வைத்துக் கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். வெயில் ஏற ஏறச் சுருதி தானாக நகரும், நாணயம் மூன்று நான்கு அங்குலத்துக்குக் கீழே போனால் தெரியாது. ஷோகேஸில் வைக்கலாம். மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக அனுப்பும் பல்ஸ் வகையாக இருந்தால், இரும்பையும் தங்கத்தையும் அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது, பேட்டரியையும் வேகமாகத் தின்னும். ஆனால் செம்மண்ணுக்கு அதைப்போல ஒத்துப்போவது வேறில்லை. கையகல மட்டை மாதிரி இருந்தால் அது வாசலில் ஆட்களைச் சோதிக்கும் கருவி, மண்ணுக்கானது அல்ல.

பேட்டரிப் பெட்டிதான் பழைய டிடெக்டரின் முதல் நோயாளி. மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பஞ்சுபோல் பூத்திருந்தால் அது அல்கலைன் பேட்டரி கசிந்த காரம். காது குடையும் பஞ்சில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்தால் லேசாக நுரைத்துக் கரையும். சாதாரண கார்பன் பேட்டரி கசிந்தால் அது அமிலத்தன்மை உடையது, அதற்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர். எதைத் தொட்டாலும் கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே பேட்டரி போட வேண்டும். இதோடு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். கசிவு ஸ்பிரிங்கோடு நிற்பதில்லை, ஒயரின் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே ஊர்ந்து போகும். ஒயர் நுனியைக் கால் அங்குலம் சீவிப் பாருங்கள். செம்பு பளபளக்காமல் கறுத்து, ஈயம் ஒட்ட மறுத்தால், நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டுப் புது ஒயர் போடுங்கள்.

பிறகு வோல்டேஜ். புது 9 வோல்ட் பேட்டரி மல்டிமீட்டரில் 9.4, 9.5 காட்டும். அளக்கும்போது டிடெக்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சும்மா கிடக்கும் பேட்டரி நல்ல பிள்ளையாகத்தான் காட்டும், சுமை ஏறியதும் தடாலென்று இறங்கும். ஓடும்போது 7.5-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். ரீசார்ஜபிள் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 9 வோல்ட் என்று விற்பவற்றில் பல உண்மையில் 7.2 அல்லது 8.4 வோல்ட்தான். எட்டுப் பென்சில் பேட்டரி போடும் மெஷினில் சாதாரண செல் 12 வோல்ட் தரும், ரீசார்ஜபிள் 9.6 தரும். சில மெஷின்கள் இதைச் சமாளிக்கும், சில திணறிக் கத்தும். முதல் சோதனைக்குப் புது அல்கலைன்தான் போட வேண்டும். பேட்டரி பெட்டி சிக்கலாக இருக்கிறதென்று 12 வோல்ட் அடாப்டரையோ பைக் பேட்டரியையோ நேரடியாகக் கொடுக்காதீர்கள். இரண்டு பேட்டரி போடும் பழைய மெஷின்களில் ஒன்று பிளஸ் சப்ளைக்கும் மற்றொன்று மைனஸ் சப்ளைக்கும் என நடுவில் இணைப்பு எடுத்திருப்பார்கள். சிலவற்றில் சிக்னலை அனுப்பும் பக்கத்துக்கு ஒன்று, திரும்பி வருவதை வாங்கும் பக்கத்துக்கு ஒன்று. அங்கே ஒற்றை சப்ளையைக் கொடுத்தால் போர்டு புகைந்துபோகும்.

பேட்டரி சரியென்றால் குமிழ்களைத் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது கரகரவென்றால் உள்ளே தூசி. கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இரு கோடிக்கும் இருபது முப்பது முறை திருப்பினால் பெரும்பாலும் தீரும். ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால் உடனே ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். ஹெட்போன் துளைக்குள் இருக்கும் தகடு துருப்பிடித்தால் ஸ்பீக்கருக்கான இணைப்பு அறுந்துவிடும். பின்னைப் பத்து முறை செருகி எடுத்தாலே பல மெஷின்கள் பேசத் தொடங்கும். அந்தத் துளை பெரும்பாலும் 6.35 மில்லிமீட்டர், மோனோ. இப்போதைய ஹெட்போனைச் சேர்ப்பியோடு (பின் அளவை மாற்றும் அடாப்டர்) செருகினால் ஒரு காதில் மட்டும் கேட்கும், அது பழுதல்ல.

மிச்சமிருப்பது காயிலும் அதன் கேபிளும். கேபிள் காயிலுக்குள் நுழையும் இடத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது சத்தம் வெட்டினால் உள்ளே கம்பி அறுந்து தொட்டுக்கொண்டிருக்கிறது. பிளக்கைக் கழற்றி முட்களுக்கிடையே மல்டிமீட்டரில் ஓம் அளந்தால், அனுப்பும் சுற்று சில ஓம்களில் தொடங்கிச் சில பத்து ஓம் வரை காட்டும், வாங்கும் சுற்று அதைவிடக் கூடுதலாக இருப்பதே வழக்கம். எந்த ஜோடியும் ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது என்று பொருள். கேபிள் தண்டில் இறுக்கமாகச் சுற்றியிருக்க வேண்டும், தொங்கி ஆடினால் ஒவ்வொரு வீச்சுக்கும் பொய்ச்சத்தம் தரும். காயிலின் அடியில் போட்ட பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி உள்ளே சேர்ந்த மண்ணைக் கொட்டுங்கள்; அந்த மண்ணும் காயிலோடு சேர்ந்து ஆடிக்கொண்டு சிக்னல் கொடுக்கும். இதையெல்லாம்விட முக்கியம், காயிலைத் தண்டோடு பிணைக்கும் போல்ட். அது பிளாஸ்டிக்காகத்தான் வந்திருக்கும். உடைந்ததும் யாரோ ஹார்டுவேர் கடையில் இரும்பு போல்ட் வாங்கி மாட்டியிருப்பார்கள். அந்த ஒரு போல்ட் போதும், மெஷின் நாள் முழுக்கக் கத்துவதற்கு. காந்தம் ஒட்டாவிட்டாலும் உலோக போல்ட் ஆகாது. நைலான் போல்ட் நட்டு பத்து இருபது ரூபாய் சமாச்சாரம்.

காயிலில் விரிசல் இருந்தால் ஈரம் போகக் காயவைத்து அரால்டைட் பூசலாம். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உள்ளிருக்கும் இரண்டு சுற்றுகளும் ஒன்றையொன்று ரத்து செய்யும்படி மயிரிழை கணக்கில் பொருத்தப்பட்டவை. சூட்டில் உள்ளே உள்ள பிசின் நகர்ந்தால் அந்தச் சமநிலை போய்விடும், வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது. வைட்ஸ் என்ற அமெரிக்க டிடெக்டர் கம்பெனி 2020-ல் மூடிவிட்டதால் அதன் பழைய மாடல்களுக்குப் புதுக் காயில் கிடைப்பதும் குதிரைக் கொம்பு.

மெஷின் அமைதியானதும் நாற்காலியிலேயே வைத்து ஒவ்வொரு பொருளாகக் காயிலுக்கு மேலே அசைத்துப் பார்த்து, எத்தனை அங்குலத்தில் கேட்கிறது, எப்படிக் கேட்கிறது என்று எழுதி வையுங்கள். தேர்ந்தெடுக்கும் நாணயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. 1992 முதல் வந்த ஒரு ரூபாய், காந்தத்தில் ஒட்டும் எஃகு. டிடெக்டருக்கு அது இரும்பா நல்ல உலோகமா என்ற முடிவுக்கு வரத் தெரியாது, ஒரு வீச்சில் ஒன்று மறு வீச்சில் மற்றொன்று சொல்லும். அதை வைத்துச் சோதித்துவிட்டு மெஷின் சரியில்லை என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. 1991 வரை வந்த குப்ரோ-நிக்கல் ஒரு ரூபாய், மஞ்சள் நிற ஐந்து ரூபாய், ஒரு பழைய செப்புக்காசு, மூன்று அங்குல ஆணி, மாத்திரை அட்டையின் அலுமினியத் துண்டு, பிறகு வீட்டில் இருக்கும் ஒரு தங்க மோதிரம். இவ்வளவு போதும். 8 அங்குலக் காயிலில் நாணயம் ஏழெட்டு அங்குலத்தில் கேட்டால் மெஷின் நல்ல ஆரோக்கியம். மூன்று அங்குலத்துக்குமேல் கேட்காவிட்டால் பழைய கெப்பாசிட்டர்களை ரேடியோ மெக்கானிக் யாரிடமாவது காட்டி மாற்றலாம்.

இந்தச் சோதனையில் கற்க வேண்டிய பாடம் மாத்திரை அட்டையும் மோதிரமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிப்பதுதான். வேண்டாத உலோகங்களை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷன் குமிழை ஏற்றிக்கொண்டே போனால் முதலில் ஆணி போகும், அடுத்து அட்டை போகும், அதோடு மோதிரமும் போகும். மோதிரம் தேடுகிறவர் அந்தக் குமிழை ஆணி மட்டும் மங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்குமேல் ஒரு கோடுகூட ஏற்றக்கூடாது. மாத்திரை அட்டை, சிகரெட் பெட்டியின் அலுமினியத் தாள், சோடா மூடி எல்லாம் சேர்த்துத் தோண்டித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. தேடுவது மெல்லிய தங்கச் சங்கிலி என்றால் இன்னும் கஷ்டம். ஒவ்வொரு கண்ணியையும் டிடெக்டர் தனித்தனிப் பொடியாகத்தான் பார்க்கும். கொக்கியோ டாலரோதான் காட்டிக்கொடுக்கும். வளையம் அறுந்த மோதிரமும் முழு மோதிரத்தைப்போல ஒலிக்காது.

இனி மண். செட்டிநாட்டின் பெரும்பகுதி செம்புறாங்கல்லும் அதன் சரளையும் கலந்த செவக்காடு. அந்தச் சிவப்பே இரும்பு ஆக்சைடு. காயில் மண்ணைத் தொடுமுன்பே பரந்துகிடக்கும் இரும்பை உணர்ந்துவிடுகிறது. கூடவே நம் வீடுகளுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு: நாட்டு ஓடு. சூளையில் வெந்த களிமண்ணில் உள்ள இரும்பு, சூடேறி ஆறும்போது காந்தத்தன்மை பெற்றுவிடும். கூரை மாற்றும்போதெல்லாம் உடைந்த ஓடுகளைப் பின்கட்டில்தான் கொட்டியிருப்பார்கள், அடுப்புச் சாம்பலையும் அங்கேதான். ஆகவே பின்கட்டு என்பது டிடெக்டருக்கு ஊரிலேயே மோசமான மண். கண்மாய்க் களிமண்ணோ, செம்மை குறைந்த மணலோ இருக்கும் இடத்தில் முதலில் பழகிவிட்டு வருவது புத்திசாலித்தனம்.

மண்ணின் சத்தத்தைச் சமன்செய்யும் கிரவுண்ட் பேலன்ஸ் என்று ஒரு குமிழ் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஆல்-மெட்டல் நிலையில், கொசு ரீங்காரம் அளவுக்கு மெல்லிய சத்தம் இருக்கும்படி திரெஷோல்டை, அதாவது பின்னணிச் சத்தத்துக்கான குமிழை, வையுங்கள். உலோகமே இல்லாத ஒரு முழம் இடத்தைக் கண்டுபிடியுங்கள், பின்கட்டில் அதுவே ஒரு வேலை. காயிலை முழங்கால் உயரத்திலிருந்து தரைக்கு இரண்டு அங்குலம் வரை இறக்குங்கள். இறங்கும்போது சத்தம் கூடினால் குமிழை ஒரு பக்கம் சிறிது திருப்பி, காயிலைத் தூக்கி, மறுபடி இறக்குங்கள். இன்னும் கூடினால் எதிர்ப்பக்கம். ஏற்றினாலும் இறக்கினாலும் சத்தம் மாறாத புள்ளிதான் தேவை. இந்தக் குமிழ் பல மெஷின்களில் பத்துச் சுற்றுச் சுற்றும். ஒரு சுற்றில் ஒன்றும் மாறவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். சுவிட்ச் போட்டுப் பத்து நிமிடம் மெஷின் சூடேறிய பிறகு இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் நகர்ந்துவிடும். டிஸ்கிரிமினேஷன் நிலையில் மண்ணைச் சமன்செய்ய முடியாத மெஷின்கள் உண்டு. அவற்றில் காயில் தரையிலிருந்து மாறாத உயரத்தில் போக வேண்டும், அரை அங்குலம் ஏறி இறங்கினாலும் கத்தும்.

சமன்செய்த பிறகும் மண் கத்தினால் சென்சிடிவிட்டியைக் குறையுங்கள். இதற்கு யாரும் மனசு வைப்பதில்லை, குறைத்தால் ஆழம் போய்விடும் என்று பயம். செம்மண்ணில் நடப்பது தலைகீழ்: கூட்டி வைத்தால் மண்ணின் சத்தத்திலேயே காது நிறைந்து, மோதிரத்தின் சத்தம் அதற்குள் அமுங்கிவிடும். சிறிய காயில் கிடைத்தால் மாட்டுங்கள், ஒரே நேரத்தில் குறைவான மண்ணைத்தான் பார்க்கும். காயிலை ஒன்றிரண்டு அங்குலம் தூக்கிப் பிடியுங்கள். சரளையோ ஓட்டுத்துண்டோ தரும் பொய்ச்சத்தம் காயிலைச் சற்றுத் தூக்கியதும் சட்டென்று காணாமல் போகும், வலமிருந்து வீசும்போது கேட்டது இடமிருந்து வீசும்போது இடம் மாறும். உலோகம் இரு பக்கமும் ஒரே இடத்தில், வெட்டினாற்போலக் கேட்கும். குறுக்கே நின்று வீசினாலும் அங்கேயேதான்.

தவறிப்போன மோதிரம் பெரும்பாலும் ஆழத்தில் இருக்காது. கொத்தாத, உழாத மண்ணென்றால் மேல் இரண்டு மூன்று அங்குலத்துக்குள்தான். ஆகவே ஆழத்தைவிட விடுபடாமல் தேடுவதுதான் முக்கியம். கயிறு கட்டி நான்கடி அகலப் பாத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீச்சும் முந்தையதைப் பாதிக் காயில் அளவு மூட வேண்டும். 8 அங்குலக் காயில் என்றால் வீச்சுக்கு நான்கு அங்குலம்தான் முன்னேற்றம். ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடிக்கு 330 வீச்சு ஆகும். வீச்சுக்கு இரண்டு நொடி என்றால் 11 நிமிடம், நின்று தோண்டுவதையும் சேர்த்தால் அரை மணிக்குக் குறையாது. கிணற்றடி, துவைக்கல், துணி காயப்போடும் கொடிக்குக் கீழே, பாத்திரம் துலக்கும் இடம், அங்கிருந்து தண்ணீர் ஓடும் வாய்க்கால்: முதலில் இவை. சோப்பு வழுக்கிய விரலிலிருந்துதான் மோதிரம் கழலும்.

சத்தம் கேட்ட இடத்தில் கூட்டல் குறி போல நெடுக்கும் குறுக்கும் வீசி நடுவைக் குறித்துக்கொண்டு, களைக்கொத்தியால் சுற்றிலும் மூன்று அங்குலம் தள்ளிக் கிளறுங்கள். நேர் நடுவில் குத்தினால் மோதிரம் நசுங்கும். அள்ளிய மண்ணை ஒரு பிளாஸ்டிக் பேசினில் போட்டு அதைக் காயிலின் மேலே காட்டுங்கள், குழியையும் மறுபடி பாருங்கள். உங்கள் கையில் மோதிரமும் வாட்சும் இருக்கக்கூடாது. ரப்பர் செருப்பு உத்தமம். பங்குனி, சித்திரையில் செவக்காடு கடப்பாரைக்குக்கூட வளையாது, ஐப்பசி மழை நனைத்த பிறகு கைக்கொத்தியே போதும். வீட்டுக்குள் வளவிலும் (உள்முற்றம்) பட்டாலையிலும் (கூடம்) தேடிப்பார்க்கும் ஆசை வேண்டாம். இரும்பு உத்தரம், கம்பி, கதவுக் கீல் என எல்லாப் பக்கமும் உலோகம், ஒன்றும் பிரித்துக் கேட்காது.

டிடெக்டர் கையில் இருப்பது தெரிந்தால் நாலு பேர் வருவார்கள்: பர்மாவிலிருந்து வந்த தாத்தா சுவருக்குள் வைத்தது, தோப்பில் புதைத்தது என்று. சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணிலோ மண்ணோடு பிணைந்த கட்டடத்திலோ மறைந்திருக்கும் மதிப்புள்ள எதுவும் புதையல்தான். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எங்கே, எந்தத் தேதியில் என்பதோடு. நம் பக்கத்தில் ஊரைப் பொறுத்து அது சிவகங்கை கலெக்டரோ புதுக்கோட்டை கலெக்டரோ. மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சொந்த வீடு என்பதால் விலக்கு கிடையாது. நூறு ஆண்டுக்குள் தங்கள் முன்னோர் வைத்தது என்று உரிமை கோருபவர்களுக்கு அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, ஆனால் அதுவும் கலெக்டர் வழியாகத்தான். நூறு ஆண்டைத் தாண்டிய நாணயம் 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின்கீழ் தொல்பொருள், உரிமம் இல்லாமல் அதை வைத்து வியாபாரம் செய்யக்கூடாது. திருமயம் கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களுக்கு டிடெக்டரை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். கீழடி இருப்பதும் இதே சிவகங்கை மாவட்டத்தில்தான். மேட்டில் பானை ஓடு தென்பட்டால் தோண்டாமல் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். கண்மாயும் ஊருணியும் கோயில் நிலமும் உங்களுடையவை அல்ல. இரண்டு ஆன்டெனாக் கம்பியை நீட்டிக்கொண்டு அரை கிலோமீட்டரில் தங்கம் காட்டும் என்று விற்கும் மெஷினும், இரிடியம் கலசமும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

மோதிரம் கிடைத்த பிறகு மெஷினைப் பரணில் போட வேண்டியதில்லை. இடித்த வீடுகளிலிருந்து வரும் பர்மாத் தேக்கை அறுக்கும் தச்சர்களுக்கு உள்ளே முறிந்து நிற்கும் ஆணிதான் பெரிய நஷ்டம், ஒரு ஆணி போதும் வாள் பல் போக. மரத்தில் செம்மண் கிடையாது, எனவே பேலன்ஸ் வேலையே இல்லை. டிஸ்கிரிமினேஷனை முழுக்க இறக்கிவிட்டு ஆல்-மெட்டலில், சென்சிடிவிட்டியைக் குறைத்து, மரத்தை இரும்பு ஸ்டாண்டில் வைக்காமல் இரண்டு மரக்கட்டைமேல் வைத்து மெதுவாக ஓட்டுங்கள். படுத்திருக்கும் ஆணி பெரும்பாலும் அதன் இரு முனைகளில் இரண்டு சத்தமாகக் கேட்கும், நிமிர்ந்து நிற்பது ஒரே புள்ளியில் கேட்கும். ஒரு முகத்தில் மட்டும் பார்த்தால் ஆழம் தெரியாது. பக்கவாட்டு முகத்திலும் ஓட்டி இரண்டு இடத்திலும் சாக்பீஸில் குறித்தால், கோடுகள் சந்திக்கும் இடத்தில் உளியை வைக்கலாம்.